வழிச்செலவு

"வழியை மட்டும் சொல்லுங்கண்ணே. நீங்க கூட வர வேணாம்."

தனக்கோடி டீ கிளாஸை மேசையில் வைத்தார். அவர் உட்காரச் சொல்லும் முன்பே வந்தவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டிருந்தாள். அதிலேயே அவருக்குப் பாதி எரிச்சல்.

கீழே ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் மாணிக்கவேல் சொல்லித்தான் அனுப்பியிருந்தான். 'என்ன வேணா கேளு, வழியை மட்டும் கேட்டுடாத. அவருக்கு அதுதான் சோறு.' விருத்தாம்பாள் அதைத்தான் முதலில் கேட்டாள்.

வருஷத்துக்கு ஒருமுறை விருத்தாசலத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து, லடாக் மலைக்கு மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போகிறவர் தனக்கோடி. ஜங்ஷனுக்கு எதிரே மாடியில் ஆபீஸ். சுவர் முழுக்க போட்டோக்கள். பனிக்கு நடுவே தொப்பையும் கூலிங் கிளாஸுமாக ஆம்பளைகள். ஒரு பெண்கூட இல்லை.

"முப்பத்தெட்டாயிரம். எல்லாம் அதுல அடக்கம்மா. வண்டியை ரயில்ல ஏத்தறது, டாக்டர் செக்கப்பு, பெட்ரோலு, ரூமு, சாப்பாடு, பின்னாடியே மெக்கானிக்கோட ஒரு வேனு…"

"மொதல்ல டாக்டரைக் கழிங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது என்ன காய்கறிக் கடையா? கத்திரிக்கா வேணாம், வெண்டைக்கா மட்டும் போடுங்கங்கற!"

"வேனைக் கழிங்க. என்னுது செகண்ட் ஹேண்டு ஹீரோ ஹோண்டா, கார்புரேட்டரை நானே கழட்டி மாட்டிக்குவேன். ரூமைக் கழிங்க. சர்தார்ஜி கோயில்ல சும்மா படுக்க வுடுவாங்களாம், ரொட்டியும் போடுவாங்களாம். தனியாப் போனா பதினாலாயிரத்துல முடியுது. மீதி இருபத்தி நாலாயிரம் எதுக்கு? வழி காட்டற கூலியா?"

"உசுரோட திருப்பிக் கொண்டாந்து வுடற கூலி."

"அப்ப அதையும் கழிங்க."

தனக்கோடி அவளை ஏற இறங்கப் பார்த்தார். வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. நோக்கியா அடித்தது, எடுக்காமல் கட் பண்ணினார்.

"என்னா படிச்சிருக்கற?"

"பி.எஸ்சி. எங்க வூட்டுல மொத டிகிரி. எங்கம்மா அதுக்குக் கண்ணாடி போட்டு ஆணியில மாட்டி வெச்சிருக்குது. அதனால வேற ஒரு பிரயோஜனமும் இல்ல."

"வேலை?"

"செராமிக்ஸ்ல கல்லு மாவு அரைக்கிற ஷெட்டு. காலேஜு பீஸு கட்டறதுக்காக லீவுல போனேன். பட்டம் வாங்கிட்டு வந்தாலும் அதே ஷெட்டுதான் கூப்புட்டுச்சு."

"சரி, அவ்ளோ தூரம் போயிப் பாக்க அங்க என்னா இருக்குது உனக்கு?"

"பனி. அதுவும் வெள்ளையாத்தான் இருக்குமாம். ஆனா மூக்குல ஏறாதாம்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"முப்பது குடு, போதும்."

"வேணாங்கண்ணே."

"இருபது. என் கைக்காசு போவுது இதுல."

"வழியைச் சொல்லுங்க. எங்க பெட்ரோலு கிடைக்கும், எந்தத் தண்ணியில வண்டியை இறக்கக் கூடாது. அதுக்கு வேணா காசு வாங்கிக்கங்க."

தனக்கோடி சுவரைப் பார்த்தார். அத்தனை தொப்பைகளுக்கும் நடுவே ஒரு பெண் நின்றால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் மலர்ந்தது.

"ஒரு பைசா வேணாம். சும்மாவே வா! பனியில வண்டியோட நீ நிக்கற மாதிரி ஒரே ஒரு போட்டோ குடு. அதை வெச்சு நெய்வேலி, கடலூருன்னு அடுத்த வருஷம் ஆளு புடிச்சுக்குவேன். உனக்கும் லாபம், எனக்கும் லாபம்."

விருத்தாம்பாள் எழுந்துவிட்டாள்.

"வேணாங்கண்ணே."

"இவ்ளோ நேரம் காசு அதிகம்னு சண்டை போட்ட. சும்மா வான்னா அதுக்கும் வேணாங்கற. திமிராம்மா?"

"திமிருன்னே வெச்சுக்கங்க. வழி சொல்லுவீங்களா, மாட்டீங்களா?"

"மாட்டேன். தனியா அனுப்பிட்டு ஒரு புள்ளையோட பாவத்தை நான் சுமக்கணுமா?"

"சரி. வாயி இருக்குது, கேட்டுக் கேட்டுப் போயிக்கறேன்."

வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு அவள் படியிறங்கினாள். முடிவு பண்ணிவிட்டு வந்தவளின் நடை அது. தனக்கோடிக்கு மனசு கேட்கவில்லை. வாசல்வரை வந்து கத்தினார்.

"நில்லும்மா! அந்த டாக்டருக்குத்தான் பயப்படறியா? ஊசி கீசி ஒண்ணும் கெடையாது. சின்னக் குழாயி ஒண்ணு, அதுல ஊதிக் காட்டணும். நெஞ்சுல மூச்சு இருந்தா முள்ளு மேல ஏறும். முள்ளு ஏறாத ஆளு ஒருத்தரை ஒரு வருஷம் தெரியாம மேல கூட்டிப் போயிட்டேன். பொணமாத்தான் கீழ எடுத்தாந்தோம். அதுலேர்ந்து ஊதாத யாரையும் சேக்கறதில்ல. உனக்கென்னா, சின்ன வயசுப் புள்ள! ஒரே ஊதுல ஏறிடும்!"

பாதிப் படியில் அவள் நின்றாள். சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்த முள்ளு ஏறலன்னு தெரிஞ்ச அன்னிக்குத்தாண்ணே இந்த வண்டியையே வாங்குனேன்."