தகரக் குரல்

இரண்டு வருஷம் காத்துக் கிடந்து ஆதரவு மையத்தில் கிடைத்த இடம். பெற்றோர் வகுப்பின் முதல் நாளே அம்மாக்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி நீல மேலங்கியையும் கழுத்துப்பட்டையையும் மாட்டிவிட்டார்கள். யார் எப்படிக் கத்தினாலும் பட்டை அதை ஒரே தணிந்த குரலாக்கித்தான் வெளியே விடும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு அதுதான் இதமாம். கழற்றினால் இடம் போய்விடும்.

தேவசேனாவின் சொந்தக் குரல் தகரத்தைச் சுரண்டினாற்போல இருக்கும். மகள் இதழினிக்கு முகங்கள் பிடிபடாது. ஏழு வருஷமாக அந்தக் குரலை வைத்துத்தான் அம்மாவைக் கண்டுபிடிப்பாள்.

வகுப்பு முடிந்ததும் ஒன்பது அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். ஒன்பதும் ஒரே குரல். இதழினி நடுக்கூடத்தில் நின்று காதைப் பொத்திக்கொண்டாள்.

"அடியே கழுதை, இங்க பாருடி!" தேவசேனா அடிவயிற்றிலிருந்து கத்தினாள். பஞ்சு மாதிரி வந்தது.

"அருமை! இப்படித்தான் பேசணும்மா" என்றார் பயிற்சியாளர்.

தேவசேனாவின் கை பட்டையின் கொக்கிவரை போனது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, இடத்துக்குக் காத்திருந்தவர்களின் வரிசை தெரிந்தது. கை தானாக இறங்கியது.

இதழினி ஒவ்வொருவர் முன்னாலும் நின்று கேட்டுக்கொண்டே வந்தாள். தேவசேனாவிடமும் வந்து அதே மாதிரி கேட்டாள்.

"ஆன்ட்டி, எங்கம்மாவைப் பாத்தீங்களா?"