மூன்றாவது பூஜ்யம்

சோதனை உலையில் எரியும் நிலக்கரித் தூளின் சுடருக்குள் லேசரைச் செலுத்தி, மறுபக்கம் எவ்வளவு ஒளி வந்துசேர்கிறது என்று அளப்பதுதான் எனக்கும் என் தம்பிக்கும் வேலை. பற்றவைக்கும் முன் அவன் ஒரு கறுப்பு அட்டையால் ஒளியை மூன்று முறை மறைப்பான். மூன்று முறையும் திரையில் எண் நூறிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கி, மறுபடி நூறுக்கு ஏற வேண்டும். ஏறாவிட்டால் உள்ளே தூள் தேங்கியிருக்கிறது, பற்றவைக்கக் கூடாது.

அன்று இரண்டாவது முறையிலேயே அவசரப்படுத்தினேன்.

"போதும்டா. லேசர் என்ன தூங்குதா, தட்டித் தட்டி எழுப்ப?"

"உன் அவசரத்துக்கு ஒருநாள் நான்தான் மாட்டப்போறேன்க்கா," என்று சிரித்தபடி அட்டையை வைத்துவிட்டுப் பற்றவைத்தான். உலை வெடித்தது. நான் உலை அறையின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தேன்; அவன் உள்ளே.

மூன்று மாதம் கழித்து அறையைத் திறந்தார்கள். நான் மட்டும் வேலைக்குப் போனேன். லேசரைப் போட்டதும் எண் இரண்டு முறை பூஜ்யத்துக்கு இறங்கி ஏறியது. உள்ளே யாரும் இல்லை. தினமும் அப்படியே நடந்தது, இரண்டே முறை. லென்ஸை மாற்றினேன், வயரை மாற்றினேன்.

பத்தாம் நாள், மூன்றாவது முறைக்கு நானே உள்ளே போய் அட்டையை நீட்டினேன். எண் இறங்கியது. அட்டையை விலக்கிவிட்டுக் கண்ணாடி வழியே திரையைப் பார்த்தேன். எண் ஏறவில்லை. தூசியில் சிவப்பாகத் தெரிந்த ஒளிக்கோடு, என் விரலுக்கு ஒரு சாண் தள்ளி, வெறுங்காற்றில் முடிந்திருந்தது.