பாதிச் சட்டை

"பாதியாவது வாங்கிக்கங்கம்மா. வர்றதை விட்டுடாதீங்க" என்றார் தொழிலாளர் அதிகாரி.

"நாங்க பாதிச் சட்டையா சார் தைச்சுக் கொடுத்தோம்?" என்றாள் அவள்.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தபின் அவர் கைக்கு வந்த முதல் தகராறு. சட்டை தைக்கும் கம்பெனி ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் மூடிவிட்டது. காலையில் வேலைக்கு வந்த நாற்பது பேரையும் வரவேற்றது பூட்டிய கேட்தான். மூன்று மாதச் சம்பளம் பாக்கி.

அவருக்கு எதிரே மூன்று நாற்காலிகள். ஒரு ஓரத்தில் முதலாளி. மறு ஓரத்தில், தொழிலாளர்கள் தங்களுக்காகப் பேசச் சொல்லி அனுப்பிய இந்தப் பெண். தைத்து வரும் சட்டைகளில் குறை பார்க்கும் செக்கிங் மேசையில் வேலை. நடுவில் மாட்டிக்கொண்டு கட்டிங் மாஸ்டர்.

"மெஷினுக்கெல்லாம் பேங்க் சீல் வெச்சிருச்சு சார்" என்றார் முதலாளி. "கார் போயிடுச்சு. சரக்கு எடுத்தவன் கையை விரிச்சுட்டான். வெச்சுக்கிட்டா இல்லைங்கறேன்?"

"வீடு இருக்குல்ல, அதைச் சொல்லச் சொல்லுங்க சார்."

வந்ததிலிருந்து இப்படித்தான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லாப் பேச்சும் அதிகாரி வழியாகவே போய் வந்தது. தபால்காரர் வேலை பார்ப்பது போலிருந்தது அவருக்கு.

"அது என்ன பங்களாவா சார்? ரெண்டு ரூம். தலைக்கு மேல கூரை வேணாமா?"

"மூணு ரூம். ஒண்ணுல துணி மூட்டையாக் கெடக்கு. அதான் கணக்குல வரல."

கட்டிங் மாஸ்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமிச் சமாளித்தார்.

லேசுப்பட்டவள் இல்லை என்று அதிகாரிக்குத் தோன்றியது. வேலை போன ஆத்திரத்தில் கத்துகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். இவள் கத்தவில்லை. தையல் விட்ட இடத்தை விரலால் தொட்டுக் காட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"நகையும் இருக்கு சார். பெரிசா ஒண்ணும் இல்ல. ஆனா இருக்கு."

முதலாளியின் முகம் சிவந்தது. "நகை என்னோடது இல்ல. செத்தாலும் அதுல நான் கை வைக்க மாட்டேன்."

மாஸ்டர் அவள் பக்கம் குனிந்தார். "வேணாம்க்கா. பாதியே போதும்னு கீழ வாசல்ல நிக்கிற எல்லாரும் சொல்லிட்டாங்க. உங்களை இவ்வளவு தூரம் போகச் சொல்லலைக்கா."

"சும்மா இருங்க மாஸ்டர். உங்க பெரியவளுக்குக் காலேஜ்ல பாதி ஃபீஸா கேக்கறாங்க?"

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அதிகாரிக்கு இப்போது முதலாளியைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. "ஏம்மா, நியாயம் உங்க பக்கம்தான். நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அவரும் பிள்ளைகுட்டிக்காரர். அவர் சம்சாரத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க."

"நினைக்காமயா சார் பேசறேன்? வாடகை வீட்ல இருந்துக்க வேண்டியதுதான். கீழ நிக்கிறவங்க எல்லாம் அப்படித்தானே இருக்காங்க?"

"எதுக்கும்மா இவ்வளவு வீம்பு?"

அவள் ஜன்னல் பக்கம், கீழே நிற்பவர்களைக் கை காட்டினாள்.

"இதுல முக்காவாசிப் பேரை வீடு வீடாப் போய்க் கூட்டிட்டு வந்தவ நான் சார். வேற கம்பெனியில நல்லா இருந்தவங்க. ஒண்ணாந்தேதி டாண்ணு சம்பளம் வரும், நான் பொறுப்புன்னு சொன்னேன். இப்ப தெருவுல எதிர்ல வந்தா, எனக்குச் சங்கடமாயிடுமேன்னு அவங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போறாங்க. குனிய வேண்டியது நான் சார்."



முதலாளி அதிகாரியைப் பார்த்தே பேசினார். "அவளுக்கு அந்த வீடுன்னா உயிர் சார். வெயில்ல பக்கத்துலயே நின்னு, ஒவ்வொரு செங்கல்லா பார்த்துக் கட்டினா. அதை வித்துடலாம்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"வீடுதானே போகுது, உயிரா போகுதுன்னு கேளுங்க சார்."

கல்நெஞ்சுக்காரி என்று அதிகாரி மனதுக்குள் திட்டிக்கொண்டார். முதலாளி கொண்டுவந்திருந்த வீட்டுவரி ரசீதை எடுத்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். அவருக்கே கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

"இனிமே பேசி ஒண்ணும் ஆகப்போறதில்லம்மா. வீடு இவர் பேர்லயே இல்ல, சம்சாரம் பேர்ல இருக்கு. நான் அதைத் தொட முடியாது. வித்துச் சம்பளத்துக்குக் கொடுத்துடறேன்னு அந்தம்மாவே மனசு வந்து கையெழுத்துப் போட்டாத்தான் உண்டு. எந்தப் பொம்பளையாவது போடுவாளா? நீங்களே சொல்லுங்க."

மாஸ்டர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதலாளி, முதல் முறையாக, அவளை நேராகப் பார்த்தார்.

அவள் நாற்காலியை மேசையை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சட்டுனு எழுதுங்க சார், கையெழுத்துப் போட்டுடறேன். பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள நாங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகணும்."