காணாமல்போன ஆடு

‘காணாமல்போன’ என்ற சொல்லுக்கு இன்னும் ஓர் உதாரணம்தான் பாக்கி.

ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகர அகராதி அலுவலகத்தில் ஸ்வாவாவும் ஒட்டூரும் எதிரெதிர் மேசைகளில் உட்கார்ந்து அட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சொல்லின் ஒவ்வொரு பொருளுக்கும் யாரோ ஒருவர் உண்மையில் எழுதிய வாக்கியம் வேண்டும். இட்டுக்கட்டக் கூடாது.

கடல்துறைப் பொருளுக்குத் துறைமுகக் கையேடு உதவியது: இரண்டு முறை அழைத்தும் ரேடியோவில் பதில் வராத படகு.

சட்டப் பொருளுக்கு அரசிதழ். அந்த அறிவிப்பை ஒட்டூர் வெட்டி வைத்திருந்தான். கொடுக்கத் தயங்கினான். ஸ்வாவாவே கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் தனியாகப் படகில் சென்று காணாமல்போன எய்விந்துர் உயிரோடிருப்பதாக அறிந்தவர் எவரும் இன்று மாலை நான்கு மணிக்குள் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் அவர் இறந்தவராக அறிவிக்கப்படுவார்.

மனு கொடுத்தவள் ஸ்வாவா. எய்விந்துரின் மனைவி.

அகராதி வழக்கப்படி பெயரை அடித்துவிட்டு முதலெழுத்தை மட்டும் எழுதினாள்.

“நாலு அடிச்சதும் கெளம்பு. நீச்சல் குளத்துக்குப் போயி வெந்நீர்த் தொட்டியில கழுத்துவரைக்கும் உக்காந்துடுவோம். இங்கயே விட்டா நீ அட்டையை மொறைச்சிட்டே இருப்ப” என்றான் ஒட்டூர்.

சரி என்று தலையசைத்தாள்.

மிச்சமிருந்தது அன்றாடப் பொருள். வாசகர்கள் பல ஊர்களிலிருந்தும் எழுதி அனுப்பும் அட்டைகள் அன்றைய தபாலில் ஒரு கட்டு வந்திருந்தன. ஒன்றில் மட்டும் பெயர் இல்லை. கிழக்குக் கரையின் தபால் முத்திரை. போன வியாழக்கிழமைத் தேதி.

ஸ்வாவா அதன் கையெழுத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒட்டூர் எட்டிப் பார்த்து உரக்கப் படித்தான்.

‘இலையுதிர்காலத்தில் காணாமல்போன ஆடு, வசந்தத்தில் பக்கத்துப் பள்ளத்தாக்கில் கொழுகொழுவென்று மேய்ந்துகொண்டிருந்தது.’

“அடடா! நம்ம பேராசிரியருங்க ஒருத்தருக்கும் இப்படி ஒரு வரி வரலயே. யாரு இந்த ஆளு, உனக்குத் தெரியுமா?”

கடிகாரத்தில் மூன்று ஐம்பது. தொலைபேசி அவள் முழங்கையருகே இருந்தது.

“தெரியாது.”

வாக்கியத்தைத் தன் கையெழுத்தில் புதிய அட்டையில் படியெடுத்தாள். அனுப்பியவர் என்ற இடத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதினாள். வந்த அட்டையைப் பெட்டியில் பாதுகாக்க வேண்டும் என்பது விதி. அவள் அதை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டாள்.

மணி நான்கு அடித்தது. ஒட்டூர் துண்டைத் தேடி எழுந்தான்.

பதினோரு ஆண்டு சேர்ந்து வாழ்ந்தும், எழுத்துகளின் வாலை அடுத்த வரிவரை இழுத்துவிடும் எய்விந்துரின் பழக்கத்தை அவளால் மாற்ற முடிந்ததில்லை.