இரண்டாவது ஆள்

“செருப்பைச் சத்தமில்லாமக் கழத்துலே. உள்ள பெவின் வேல பாத்துட்டு இருக்கான்” என்றார் வேதமணி, உதட்டில் விரலை வைத்து.

கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்த முத்துச்செல்வம் திடுக்கிட்டு ஆபீஸ் அறையை எட்டிப் பார்த்தான். காலி நாற்காலிதான் கிடந்தது. மேசைமேல் இருந்த திரையில், மௌஸை யாரும் தொடாமலே, அம்புக்குறி மட்டும் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தது.

“கனடாவுல இருந்தா அண்ணாச்சி?”

“பின்ன? எங்க போனாலும் எம்மகன்லா!” வேதமணிக்கு வாயெல்லாம் பல்.

தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குத் தோணியில் போகிற வெங்காயத்துக்கும் செங்கல்லுக்கும் துறைமுகக் காகிதங்கள் தயாரிப்பது அவர் தொழில். வீட்டு முன்னறைதான் ஆபீஸ். அப்பாவும் மகனுமாகச் சேர்ந்து செய்த வேலை அது.

ஒரு நாள் எடையைத் தப்பாக அடித்துவிட்டான் என்று, நாலு பேர் பார்க்க, கல்யாண வயதுப் பையன்மேல் கை நீட்டிவிட்டார் மனுஷன். பெவின் பெட்டியைக் கட்டினான். கனடாவுக்குப் போனான், போன் நம்பரை மாற்றினான், அத்தோடு சரி. அம்மாவிடம்கூடப் பேச்சு கிடையாது.

ஆனால் எங்கிருந்தாலும் ரெண்டு பேரும் நுழைந்து வேலை பார்க்கிற அந்த வாடகை ரிமோட் டெஸ்க்டாப் மட்டும் அப்படியே இருந்தது. ஒரே திரை, ஒரே அம்புக்குறி. வேதமணி எங்காவது தப்பாக அடித்தால் பெவின் என்ற பெயரில் லாகின் ஆகி, அம்புக்குறி வந்து திருத்திவிட்டுப் போகும். அதைப் பார்ப்பதற்காகவே சில நாள் வேண்டுமென்று வெங்காய எடையில் ஒரு பூஜ்யத்தை விழுங்கி வைப்பார். அந்தப் பூஜ்யம் திரும்ப வந்து உட்காரும்போது அவருக்குக் கண் கலங்கிவிடும். பெற்ற மனசு, வேறென்ன சொல்ல!

முத்துச்செல்வம் மெதுவாக ஆரம்பித்தான். “அண்ணாச்சி, கோவப்படாதிய. இது பழைய கூட்டுச் சமாச்சாரம். வேகமும் கிடையாது, பத்திரமும் கிடையாது. பேசாம வி.பி.எஸ். எடுத்துருங்க. தனி சர்வரு. உங்க பூட்டு, உங்க சாவி.”

“பெவின் அதுல வரலாமா?”

“வரலாம். ஆனா ஆளுக்கொரு திரை. அவரு செய்யுதத நீங்க பாக்க முடியாது.”

“அப்பம் எனக்கு எதுக்குலே அந்தக் கழுத? தனியா இருந்து என்னத்தக் கிழிக்கப் போறேன்? எனக்குக் கூட்டே போதும்.”

அம்புக்குறி சட்டென்று நின்றது. “காப்பி குடிக்கப் போறான் போல” என்றார் வேதமணி, வாஞ்சையாக.

கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி கிருபை இரண்டு டம்ளர் காப்பியோடு வந்தாள். நாசரேத் பள்ளிக்கூடத்தில் காமர்ஸ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது பொழுதுக்கும் உள்ளறையில் லேப்டாப்பைத் திறந்துவைத்து ஆன்லைன் வேதாகம வகுப்பு என்பாள். “தம்பி சொல்லுத மாதிரி தனியாவே எடுத்துருங்களேன். எத்தன நாளைக்கு இப்படியே ஓட்டுதது?” என்றாள்.

“ஒனக்கு என்ன தெரியும்?” என்று அவள்மேல் வள்ளென்று விழுந்தார் வேதமணி.

முத்துச்செல்வம் தலையைச் சொறிந்தான். “கூட்டுன்னா இப்பம் ஒரு சிக்கல் இருக்கு. புதுப்பிக்கணும்னா கம்பெனிக்காரன் ரெண்டாவது ஆளையும் கேக்கான். அவரு பதிஞ்சு வச்சிருக்க போனுக்கு ஒரு ஓ.டி.பி. போகும். அத அவரு நமக்குச் சொல்லணும். சொல்லலன்னா அவரு லாகினே அழிஞ்சுரும்.”

வேதமணிக்கு அது சிக்கலாகவே படவில்லை. முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. “அப்பம்... அவன் எனக்குப் போன் பண்ணித்தான ஆகணும்?”

“ஆமா, பண்ணித்தான் ஆகணும்.”

“அனுப்புலே!”

“ஏங்க, வேண்டாம்” என்றாள் கிருபை. அதற்குள் முத்துச்செல்வம் பொத்தானை அமுக்கிவிட்டான்.

வேதமணி தன் போனை மேசை நடுவில் வைத்து, சத்தத்தைக் கூட்டினார். மகன் நேரில் வருகிற மாதிரி சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டார். “அடிச்சது தப்புதாம்லே பெவின். அப்பாவ மன்னிச்சிரு” என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து ஒருத்தரிடமும் மன்னிப்புக் கேட்டறியாதவர்.

துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி ஒன்று ஜன்னலை அதிரவைத்துவிட்டுப் போயிற்று. போன் கம்மென்று கிடந்தது. அதை எடுத்து, டவர் இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி வைத்தார்.

“ஓ.டி.பி. நேரம் முடியப் போவுது அண்ணாச்சி. தனி சர்வரே போட்டுருவமா?”

“பொறுலே. கூப்பிடுவான். இத்தன நாளும் எனக்காக வந்தவன் இதுக்கு மட்டும் வராமப் போவானா?” குரல் உடைந்துவிட்டது.

கிருபை அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளால் முடியவில்லை. விறுவிறுவென்று உள்ளறைக்குப் போய், தன் போனோடு திரும்பி வந்தாள்.

“ஆறு, நாலு, ஒண்ணு, எட்டு. போட்டுக்கோ, முத்துச்செல்வம்.”

வேதமணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “ஒனக்கா பேசுனான்? எம்புள்ள பேசிட்டானா? ஏளா, என்ன சொன்னான்? என்னக் கேட்டானா?”

கிருபை தலையை நிமிர்த்தவே இல்லை.

“அவன் எங்க பேசுனான்... அந்த நம்பர் என்னோடது. அந்தப் பூஜ்யத்தயெல்லாம் போட்டதும் நாந்தான்.”