சூடேறிய காந்தம்

துணுக்காய்ப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் காணியில் மத்தியான வெயில் வெள்ளையாகக் காய்கிறது. பற்றைச் செடிகளை எரித்த தணலருகே மறந்து விட்டிருந்த, ஆணி பொறுக்கும் காந்தக் கோலைச் சுமித்திரா மண்ணில் இழுக்கிறாள். காலையில் கொத்தாக ஆணி அள்ளிய கோல், இப்போது இரண்டு மூன்றைத்தான் தூக்குகிறது. பௌதிகப் பட்டம் பெற்றும் வேலை கிடைக்காமல் இங்கே வந்தவள் அவள். "பழுதாப்போச்சோ?" முகக்கவசத்தை உயர்த்தி வியர்வை துடைத்தபடி, கூட வேலை செய்யும் ஞானேஸ்வரி கேட்கிறாள். "சூடேறிட்டுது அக்கா. உள்ளுக்கை இருக்கிற அணுவெல்லாம் ஒரே பக்கம் பாத்து நிக்கிறதாலதான் இழுவை. சூட்டிலை ஒண்டு சரிய, பக்கத்திலை நிக்கிறதும் சரியும். அந்தச் சரிவு அலைமாதிரி ஓடும். அலை கூடக்கூட இழுவை குறையும்." "ஆறினா வருமோ?" "கனக்க வரும். முழுக்க வராது எண்டு நினைக்கிறன்." "அப்ப அதுவரைக்கும் ஒவ்வொரு ஆணியும் கையாலதான்," என்று ஞானேஸ்வரி முழங்காலைத் தடவுகிறாள்.

இடைவேளை முடிந்த விசில் கேட்கிறது. இருவரும் கயிறு கட்டிப் பிரித்த தங்கள் அடுத்தடுத்த வேலை ஓடைகளுக்குத் திரும்புகிறார்கள். சுமித்திராவின் கையிலுள்ள, எந்த உலோகத்துக்கும் சத்தமிடும் கருவி உடனே கத்துகிறது. அவள் முழங்காலிட்டு, மண்ணை மெல்லச் சுரண்டி, துருப்பிடித்த ஆணி ஒன்றை எடுத்து ஓரமாக வைக்கிறாள். தோள்கள் தளர்கின்றன. வழக்கப்படி இன்னொரு முறை கருவியைப் பிடிக்கிறாள். அதே இடத்தில் அது மீண்டும் கத்துகிறது. "அக்கா," என்கிறாள், குரலை உயர்த்தாமல், "நீங்கள் பின்னுக்குப் போங்கோ."