நெளியாத கத்தி

பரமலிங்கத்தின் நெல்லியடி இரும்புக்கடைக்கு வந்த பெண் புதுமுகம்.

“அண்ணை, நைலோன் கயிறும் வெட்டவேணும், ஆமைப்பூட்டும் நெம்பவேணும். ரெண்டுக்கும் சேர்த்து ஒரு கத்தி இருக்கே?”

அவருக்குச் சந்தேகம் தட்டியது. “ஆற்றை வீடு?”

“தெரிஞ்ச அக்காவின்ரை. பூட்டின்ரை திறப்பு அத்தானிட்டை. அவர் வேலையிலை.”

“அவர் வருமட்டும் பொறுக்கேலாதோ?”

“அக்காவாலை இனிப் பொறுக்கேலாது.”

கள்ளியோ? மேலும் கீழும் பார்த்தார். அவளோ ஒரு கத்தியை வளைத்துப் பார்த்து, “உது நெளிஞ்சிடும்போலை” என்றாள்.

தன் சாமானைக் குறை சொன்னால் பரமலிங்கம் தாங்கமாட்டார். இருந்ததில் திறமானதைத் தேடிக் கொடுத்தார்.

பின்னேரம் வீட்டுக்குப் போனார். வேலிப் படலையில் அவர் கட்டிய நைலோன் கயிறு அறுந்து தொங்கியது. காலையில் மனைவியை உள்ளே வைத்துப் பூட்டிய ஆமைப்பூட்டு வாசற்படியில் கிடந்தது. பக்கத்தில் அந்தக் கத்தி, நெளியாமல்.

அவர் மடியில் திறப்பு மட்டும் பத்திரமாக இருந்தது.